ஒரு பல் தவறிய கார்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு சூட்கேசோடும் ஒரு கணிதப் பட்டத்தோடும் கல்முனையில் என் மனைவியின் வீட்டுக்குள் நுழைந்தவன். அந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை உண்டு, ஒரு கதிரை உண்டு, மீனாணக் குழம்பில் நடுத்துண்டு உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மாமாவின் காரைத் தொடும் உரிமை.

அது ஜப்பானில் செய்த வெள்ளைக் கார். என் மனைவி பிறந்த அதே வருடம் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. இரண்டு பேரில் மாமா யாரை அதிகம் கொஞ்சியிருக்கிறார் என்று கேட்டால் மாமி பேச்சை மாற்றிவிடுவார். நாட்டுக்குள் புதிய வாகனங்களை இறக்க முடியாமல் இருந்த காலத்தில் ஊரெல்லாம் பழைய கார்களுக்கு மரியாதை கூடியபோது, மாமாவின் நடையிலும் ஒரு மிடுக்கு ஏறியது. காரின் வேகம் மட்டும் ஏறவில்லை. சைக்கிளில் போகிறவர்கள் மாமாவுக்குச் சலாம் சொல்லிவிட்டு முந்திப் போவார்கள். குடும்பத்தோடு எங்கேயாவது போனால் மாமி முன் சீட், நான் பின் சீட், மடியில் சோற்றுப் பாத்திரம்.

காரின் சத்தம், தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கும். மாமா பிரதான வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்டுவிடும். மாமி கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்க் கேற்றைத் திறப்பார். என் மனைவி முன்னறை மின்விசிறியைப் போடுவாள். நான் மாமாவின் கதிரையிலிருந்து எழும்பி என்னுடைய கதிரைக்குப் போவேன்.

போன அறுவடைக் காலத்தில் மாமா மக்காவுக்கு உம்ரா யாத்திரை போனார். மாமிக்கு முழங்கால் வலி என்பதால் தனியாகத்தான் போனார். விமான நிலையத்துக்குப் போகும் வேனில் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டு, காரின் திறப்பை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தானே மடக்கிவிட்டார்.

"மருமகன், இது அமானிதம். ஒவ்வொரு நாளும் காலையில சுபஹுத் தொழுகைக்குப் பொறகு ஸ்டார்ட் பண்ணி அஞ்சி நிமிசம் வெச்சிரிங்க. ஓட்டத் தேவல்ல."

"ஓம் மாமா."

"பொனட்டத் திறக்கவும் தேவல்ல."

பன்னிரண்டு வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் ஒரே மூச்சில் கதைத்ததில் மிக நீளமான கதை அதுதான். மூன்று நாட்கள் சொன்னபடியே நடந்தேன். நான்காம் நாள் பொனட்டைத் திறந்தேன்.

ஒரு வேலையைச் செய்ய வேண்டாம் என்று பெரியவர் சொன்னால் குழந்தை அதைத்தானே செய்யும். எஞ்சினின் பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே டைமிங் பெல்ட் இருந்தது. பல் வைத்த ரப்பர் பட்டி அது. கீழே பிஸ்டனை ஏற்றி இறக்கும் சக்கரத்தையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் சக்கரத்தையும் அதுதான் ஒரு தாளத்தில் சேர்த்துப் பிடித்திருக்கும். அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும். எஞ்சின் அத்தோடு மவுத்து, உயிர் போய்விடும். மாமாவின் பட்டியில் தண்ணீர் காணாத வயல் போல வெடிப்பு விழுந்திருந்தது.

மாமா வியாழக்கிழமை திரும்பி வருவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குத் தன் காரில்தான் போவார். பள்ளிவாசல் வாசலில் வைத்துப் பட்டி அறுந்தால், திறப்பைக் கடைசியாக வைத்திருந்தவன் யார் என்று முழு ஊரும் கேட்கும். அதே நேரத்தில் இன்னொரு படமும் மனதில் ஓடியது. பட்டியை நானே மாற்றிவிடுகிறேன். மாமா நாலு பேர் முன்னால் என் தோளில் தட்டி, "மருமகன் கெட்டிக்காரன்" என்கிறார். அந்த ஒரு தட்டலுக்காக நான் பன்னிரண்டு வருடம் பின் சீட்டில் சோற்றுப் பாத்திரத்தோடு காத்திருந்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

வாகனம் திருத்தும் எங்கள் கராஜ் பாஸுக்குத் தகவல் அனுப்பினேன். அறுவடைக் காலத்தில் மெக்கானிக்மார் ஊரில் இருப்பதில்லை, நெல் வெட்டும் மெசின்களின் பின்னால் வயலில்தான் இருப்பார்கள். வட்ஸ்அப்பில் அவருடைய குரல் வந்தது, பின்னால் ஏதோ பெரிய எஞ்சின் இரைந்தது.

"சேர், நான் அட்டாளைச்சேனை வட்டைக்குள்ள நிக்கன். மெசின் ஒண்டு சேத்துக்குள்ள தாண்டு போச்சி. ஒரு கிழமைக்கு வரேலா. அந்தப் பட்டி மாத்துறது பெரிய வேல ஒண்டும் இல்ல, கழட்ட முந்தி ரெண்டு சக்கரத்திலயும் அடையாளம் வெக்கணும். அடையாளம் தவறிச்செண்டா அல்லாதான் காப்பாத்தணும்."

பெரிய வேலை இல்லை என்பது வரைக்கும் நன்றாகக் கேட்டேன். கடையில் புதுப் பட்டி வாங்கினேன். நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. சனிக்கிழமை காலையிலேயே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கீழ்ச் சக்கரத்தின் பெரிய போல்ட் அசையவில்லை. மனைவியைக் காருக்குள் ஏற்றி, கியரைப் போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். அவள் ஒரு காலால் பிரேக்கையும் ஒரு கையால் போனையும் பிடித்துக்கொண்டு தன் தோழியிடம், "ஓம், இவர்தான் கழட்டுறாரு. இல்ல, வாப்பாக்குத் தெரியா. வாப்பா மக்கால" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போல்ட் கழன்றபோது நான் மல்லாந்து விழுந்ததையும் அதே குரலில் தோழிக்கு அறிவித்தாள்.

பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டதா என்று அறிய, பிளக்கைக் கழற்றிய துளைக்குள் மாமியின் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கொன்றை விட்டுப் பிடித்தேன். ஈர்க்கு மெல்ல மேலேறி, ஏறாமல் நின்ற இடம் உச்சி. சக்கரங்களில் தொழிற்சாலை வைத்த அடையாளம் இருந்திருக்கலாம். ஆனால் எண்ணெயும் தூசியும் கலந்து விரல் தடிப்பில் ஊத்தை படிந்திருந்தது. நான் வாத்தியார், என் சட்டைப் பையில் எப்போதும் எழுத்துப் பிழை மறைக்கும் வெள்ளை டிப்பெக்ஸ் இருக்கும். மேல் சக்கரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்கு நேரே எஞ்சினில் ஒரு கோடு. கீழேயும் அப்படியே. போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். பழைய பட்டியைக் கழற்றினேன். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. மனம் நிறைந்து பள்ளிவாசலுக்குப் போனேன்.

உம்ராவுக்குப் போன ஒருவர் திரும்பி வருகிறார் என்றால் எங்கள் வீடுகளில் நடக்கும் கழுவலை வெளியூர் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். வருகிறவர் மக்காவின் காற்றோடு வருகிறார், அவரைப் பார்க்க ஊரே வரும். அதனால் வீட்டில் ஊத்தை என்ற பேச்சே இருக்கக் கூடாது. மாமி அந்தக் கிழமையில் திரைச்சீலைகளைக் கழுவியிருந்தார், மின்விசிறியின் இலைகளைக் கழுவியிருந்தார், முற்றத்து மாமரத்தைக்கூட ஏணி வைத்து எட்டியமட்டும் கழுவுவித்திருந்தார். மிஞ்சியது கார்தான். அது அன்று வாயைத் திறந்து கிடந்தது.

தொழுதுவிட்டு வந்தபோது எஞ்சின் பளபளத்தது. மாமி ஒரு கையில் மண்ணெண்ணெய்ப் பேணியும் மறு கையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷுமாக நின்றிருந்தார்.

"என்ன மருமகன், இவ்வளவு ஊத்தையோடயா வெச்சிருந்த? காகம் எச்சமும் போட்டிருந்திச்சி. வெள்ள வெள்ளயா, நாலு இடத்தில. நல்லா உரசிக் கழுவிட்டன்."

என் நாலு வெள்ளைக் கோடும் போயிருந்தன. மேல் சக்கரத்தை அவர் உரசிய உரசலில் அது வேறு திசை பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமி, அது அடையாளம்."

"எதுக்கு?"

"டைமிங்குக்கு."

"காகத்துக்கு என்ன டைமிங்?" என்று கேட்டுவிட்டு மாமி அடுத்ததாக டிக்கியைக் கழுவப் போனார்.

பாஸுக்கு அழாக்குறையாகக் குரல் அனுப்பினேன். பதில் வர ஒரு மணி நேரம் எடுத்தது. "ஊத்த போயிட்டில்ல சேர்? அப்ப கம்பெனிக்காரன் வெச்ச அடையாளம் தெரியும். வடிவாப் பாருங்க."

பார்த்தேன். மேல் சக்கரத்தில் ஊசி முனை போல ஒரு புள்ளி, எஞ்சின் தலையில் அதற்கு நேராக ஒரு கீறல். கீழேயும் ஒரு வெட்டு. மாமியின் பிரஷ் முப்பது வருடத்து ஊத்தைக்குள்ளிருந்து அவற்றைத் தோண்டி எடுத்திருந்தது. அந்த அடையாளங்களில் சக்கரங்களை நிறுத்திப் புதுப் பட்டியைப் போட்டேன். கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினேன், புள்ளியும் கீறலும் திரும்பவும் நேருக்கு நேர் வந்தன. சந்தேகத்துக்குப் போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டேன். பல்லை எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன், கணிதம் படிப்பிக்கிறவன் பிழை விடக்கூடாதல்லவா. படத்தில் மேல் சக்கரம் சரியாக ஒரு பல் பிந்தியிருந்தது.

இதையும் பாஸுக்குச் சொன்னேன். இந்த முறை பின்னணியில் மெசின் இரையவில்லை. எங்கேயோ தனியாகப் போய் நின்று கதைத்திருக்கிறார்.

"சேர், அந்தப் பட்டி நான் தொழில் பழகக்குள்ள போட்டது. பதினஞ்சி வருசம் இரிக்கும். மாமா பக்கத்தில நிண்டு கெதியா கெதியா எண்டு கத்தினாரு. ஒரு பல்லுத் தவறிச்சிது எண்டு பொறகுதான் விளங்கிச்சி. பொறி குடுக்கிற டிஸ்ரிபியூட்டரத் திருப்பித் திருப்பி ஒரு மாதிரி ஓட வெச்சன். மாமாக்கிட்டச் சொல்லிராதீங்க."

அப்படியானால் நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருமுன்பே அந்தப் பல் தவறிவிட்டது. நான் அறிந்த மாமாவின் கார், அதன் சத்தம், அதன் கம்பீரமான தாமதம் எல்லாமே ஒரு பல் பிழை. எனக்குச் சிரிப்பு வந்தது. சரி செய்தவன் நான் என்ற பெருமையும் வந்தது.

அடுத்தது பொறி விழும் நேரத்தைச் சரி பார்க்க வேண்டும். அதற்கு டைமிங் லைட் என்று ஒன்று உண்டு. பாஸின் வீட்டிலிருந்து இரவல் வாங்கினேன். அது கைத்துப்பாக்கி போலவே இருக்கும், ஆகையால் பத்திரிகைத் தாளில் சுற்றித்தான் ஊருக்குள்ளால் கொண்டு வந்தேன். அதன் வெளிச்சம் பட்டு மினுங்கும்போது சுழலும் சக்கரத்தின் அடையாளம் அசையாமல் நிற்பது போலத் தெரியும். தெரிய இருட்டு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாடசாலை விட்டு வந்து பார்த்தால் வெயில் கொளுத்துகிறது. மாமி கழுவி மடித்து வைத்திருந்த பெரிய வெள்ளை விரிப்பைக் காரின் முன்பக்கத்துக்கு மேல் போர்த்தி, ஓரத்தைக் கல் வைத்து அமர்த்தி, நான் உள்ளே நுழைந்துகொண்டேன். மனைவி சாரதி சீட்டில் இருந்து எஞ்சினை ஓட விட்டாள்.

அந்த நேரம் அஸர் தொழுதுவிட்டு ஒழுங்கையால் போன ஒரு பெரியவர் கேற்றுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். கழுவித் துடைத்த வீடு. திறந்து கிடக்கும் கேற். முற்றத்தில் நீளத்துக்குப் போர்த்திய வெள்ளைத் துணி. பக்கத்தில் போனைப் பார்த்துத் தலை குனிந்திருக்கும் மகள். வீட்டுக்காரர் மக்காவில் என்பதும் அவருக்குத் தெரியும், அங்கே மவுத்தாகிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார். மனிதர் உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, இரு கையையும் ஏந்தி துஆக் கேட்கத் தொடங்கிவிட்டார். யன்னலால் பார்த்த மாமி, தன் கணவரின் உம்ராவை அல்லாஹ் கபூலாக்கி ஏற்றுக்கொள்ள வேண்டி யாரோ துஆக் கேட்கிறார் என்று உருகித் தேத்தண்ணி கொடுத்தனுப்பினார். அவர் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். விரிப்புக்குள் வேர்த்துக்கொண்டிருந்த எனக்கு இது ஒன்றும் தெரியாது.

மஹ்ரிபுக்கு முன் சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் சொந்தக்காரர் அழுதுகொண்டு போன் எடுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் மனைவி மக்காவுக்கு வீடியோ கோல் எடுத்து, மாமாவைக்கொண்டே ஒவ்வொருவருக்கும், "நான் இரிக்கன், நல்லா இரிக்கன்" என்று சொல்ல வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு மாமா என்னைக் கேட்டார்.

"கார ஸ்டார்ட் பண்ணினீங்களா மருமகன்?"

"ஓம் மாமா. ஒவ்வொரு நாளும்."

பொய் இல்லைதானே.

கார் இப்போது பூனை மாதிரி ஓடியது. ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் என் மனைவி ஓடிக்கொண்டிருந்த எஞ்சினையே திரும்ப ஸ்டார்ட் பண்ணி, அது 'கிர்ர்' என்று கத்தியது. அவ்வளவு அமைதி.

வியாழக்கிழமை மாமா வந்தார். ஸம்ஸம் தண்ணீர், பேரீச்சம்பழம், ஊர் முழுக்க ஆட்கள். வெள்ளிக்கிழமை குளித்து, அத்தர் பூசி, காரில் ஏறித் திறப்பைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திருப்பினார், கிர்ர். இறங்கி வந்து என்னைப் பார்த்தார்.

நான் இந்த நேரத்துக்காகத்தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வெடித்த பட்டியை எடுத்துக் காட்டினேன். ஒரு பல் பிந்தியிருந்த கதையையும் பாஸின் பங்கை மட்டும் விட்டுவிட்டு விளக்கினேன். மாமா பட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் காரில் ஏறினார். என் தோளில் தட்டவில்லை. பழக்கத்தில் அக்சிலேட்டரை அடியோடு மிதித்தார். கார் பாய்ந்தது. கேற்றின் தூணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு சாண் இருந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ்.

தொழுகை முடிந்து நான் சைக்கிளில் கொஞ்சம் பிந்தித்தான் வந்தேன். எங்கள் கேற்றுக்கு வெளியே கார் நின்றது. மாமா உள்ளே இருந்தார், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். வெயில் அவருடைய வெள்ளை ஜுப்பாவில் விழுந்துகொண்டிருந்தது. தன் வீட்டு வாசலில் மாமா ஒரு நாளும் ஹோர்ன் அடித்ததில்லை. தேவை வந்ததில்லை.

"வீட்ட ஒருத்தரும் இல்லையா மருமகன்?"

"எல்லாரும் இரிக்காங்க மாமா."

"அப்ப ஏன் ஒருத்தரும் வரல்ல?"

நான் கேற்றைத் திறந்து உள்ளே ஓடினேன். மாமி குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், வெறும் கேத்தலோடு இருந்தார். "கார் இன்னும் வரல்லையே" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு என் மேலேயே வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. எந்த அடையாளம் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரியாத ஒரு கணித வாத்தியார்.

அதன் பிறகு மாமா காரை எடுக்கவில்லை. கடைக்கு நடந்து போனார். வழியில் மூன்று பேர், "கார வித்திட்டீங்களா?" என்று கேட்டார்களாம், சத்தம் கேட்கவில்லையே என்று. மறு சனிக்கிழமை காலையில் என் அறை வாசலில் வந்து நின்றார். அவர் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"மருமகன், கார் நல்லாத்தான் ஓடுது. குற சொல்லேலா. ஆனா நான் வாறது ஒருத்தருக்கும் தெரியிதில்ல." முற்றத்தில் நின்ற காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அந்த ஒரு பல்லத் திருப்பி வெக்கேலுமா?"

"அது பிழை மாமா."

"பிழதான். பதினஞ்சி வருசம் பழகின பிழ."

அந்தப் பிழை எப்போது விழுந்தது என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. பாஸின் இரகசியம் மாமாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இருவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். மாமா குந்தியிருந்து ஈர்க்கைப் பிடித்துக்கொண்டார். அது மேலேறி நின்றபோது, "வந்திட்டு, வந்திட்டு" என்று சத்தமிட்டார். போனில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, வாழ்க்கையில் முதன்முறையாக வேண்டுமென்றே ஒரு கணக்கைப் பிழையாகச் செய்தேன். டிஸ்ரிபியூட்டரையும் பழைய இடத்துக்குத் திருப்பினேன். மாமா ஓர் அரத்தை எடுத்து வந்து தந்தார்.

"வெட்டி அடையாளம் வைங்க. இவ கழுவினாலும் போகக்கூடா."

வெட்டினேன். மூடியைப் பூட்டினேன். மாமா ஏறித் திறப்பைத் திருப்பினார். தகரப் பேணிக்குள் கூழாங்கல் குலுங்கியது.

குசினியில் கேத்தல் அடுப்பில் வைபடும் சத்தம் கேட்டது. மாமி முழங்கால் வலியோடு விந்தி விந்தி ஓடி வந்தார். முற்றத்தில் நின்ற எங்களையும் காரையும் கடந்து போய், கேற்றின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு, வெறும் ஒழுங்கையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினை நிறுத்தவில்லை. கையை நீட்டி இடப்பக்கத்து முன் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க மருமகன்."

எண்ணெய்க் கையோடு ஏறினேன். மாமியைத் தாண்டி, ஒழுங்கையால் பிரதான வீதி மட்டும் போனோம். அங்கே திருப்பினோம். சைக்கிளில் வந்த ஒருவர் சலாம் சொல்லிவிட்டு முந்திப் போனார். கடகடவென்று திரும்பி வந்தபோது கேற் திறந்தபடி இருந்தது, மாமி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்திட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் மாமா. "வந்திட்டம்."